கோரைப்பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது

நெல்லிவாசல்நாடு
சித்திரை மாதம், 1983

அன்புள்ள செந்தாமரைக்கு,

உன் வீட்டுக்காரன் கோபால்சாமி எழுதுகிறேன். நானும் குழந்தை வசந்தியும் சுகம். உனக்கு வலி குறைய வேண்டும் என்று வேடியப்பனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் இதை உனக்குப் படித்துக் காட்டுகிற நர்ஸ் ஞானமேரி அக்காவுக்கு என் வணக்கம். வேறொருவர் படிப்பதால் சில விஷயங்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீயே புரிந்துகொள்.

வசந்தி உன் தங்கை காந்தாவிடம் ஒட்டிக்கொண்டாள். தலைவாரும்போது மட்டும் அழுகிறாள். நீ தேடிப்போன கன்றுக்குட்டி அன்றைக்கே வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனோ இல்லையோ, ஞாபகம் இல்லை. வாயில்லாத ஜீவன், அதைக் கோபித்து என்ன செய்வது.

கோரைப்பள்ளம் இன்னும் புகைகிறது. மாசியில் காட்டுத்தீ வந்து போனபோது மேலே இருந்த கோரை மட்டும்தான் எரிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். சாம்பல் ஆறிக் கிடந்தது. நீயும் அதை நம்பித்தானே கன்றைப் பிடிக்க இறங்கினாய். உன் கால் உள்ளே போன பிறகுதான் ஓரத்தில் தோண்டிப் பார்த்தோம். அங்கே இருப்பது மண்ணே இல்லை. எத்தனையோ தலைமுறையாகச் செத்த கோரையும் வேரும் தண்ணீரில் ஊறி ஊறி, ஆள் உயரத்துக்குக் கருப்பாகப் படிந்து கிடக்கிறது. ஈரம் இருந்தவரை தீ அதைத் தொடவில்லை. இந்த வறட்சியில் காய்ந்துபோனதும் வறட்டி மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கிறது. மேலே ஓடு போல நிற்கிறது, கீழே நெருப்பு. ஓரிடத்தில் குடம் குடமாக ஊற்றினால் இன்னோரிடத்தில் புகை கிளம்புகிறது. பள்ளத்துக்குக் கீழே இருந்த ஊற்றும் நின்றுவிட்டது. பெண்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் கொண்டு வருகிறார்கள்.

ராஜாக்கண்ணுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளத்துத் தண்ணீரை வடித்து வாழை வைக்கலாம் என்று சில வருஷம் முன்பு அவன் வாய்க்கால் வெட்டினான் அல்லவா, அதனால்தான் பள்ளம் காய்ந்தது என்று ஊரில் இப்போது பேச்சு. உன்னை டோலியில் தூக்கி வந்தபோது ரோடு வரை அவன் தோள் மாற்றவே இல்லை. தினமும் வந்து நம் மாட்டுக்குத் தழை வெட்டிப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறான். அவன் வாழை வைக்க நினைத்தான், அவ்வளவுதான்.

டாக்டர் சொன்னபடி கேள். கஞ்சியை மீதி வைக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
கோபால்சாமி


நெல்லிவாசல்நாடு
ஆடி மாதம்

அன்புள்ள செந்தாமரைக்கு,

ஞானமேரி அக்கா கையால் நீ எழுதி அனுப்பியது வந்து சேர்ந்தது. புண் ஆறிவிட்டது என்று படித்ததும் காந்தா வேடியப்பனுக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

இங்கே மழை பெய்தது. முதல் மழையில் பள்ளம் முழுக்கச் சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. ஊரே மேட்டில் நின்று பார்த்தது. அந்த ஒரு மழைக்கு அடங்கவில்லை. விட்டு விட்டுப் பெய்து, இப்போதுதான் புகை ஓய்ந்திருக்கிறது. நடுவில் தரை இடுப்பளவு கீழே இறங்கிவிட்டது. எரிந்தது போக மிச்சமிருந்த கருமண்ணையும் மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியாக அடித்துக்கொண்டு போனது. ஓடை மை கரைத்தது போல ஓடியது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். சாம்பல் நல்ல உரம், உழுது சாமை விதைக்கலாம் என்றார்கள் பாதிப் பேர். விதைத்தால் ஒன்றிரண்டு வருஷம் விளையும், அப்புறம் பாறைதான் மிஞ்சும், தண்ணீரை நிறுத்தினால்தான் ஊற்று திரும்பும் என்றேன். பொண்டாட்டிக்கு ஆனதை நினைத்துப் பேசுகிறான் என்று ஒருவர் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை ஓரமாக இருந்த ராஜாக்கண்ணு எழுந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாய்க்கா வெட்டனது நான்தான். வெட்டன கையாலயே மூடறேன். நீங்க யாரும் வராட்டியும் பரவால்ல. அதுல கலப்ப எறங்க மட்டும் நான் வுட மாட்டேன்."

மறுநாள் காலையில் தனியாகக் கல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். சாமை விதைக்கலாம் என்றவர்களும் வந்தார்கள். மூங்கில் பிளாச்சு நட்டு, கல் அடுக்கி, களிமண் அப்பி வாய்க்காலின் வாயை அடைத்துவிட்டோம். இப்போது பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது.

உன் கடிதத்தின் கடைசியில், ஒற்றைக் காலோடு மலையில் நான் பாரம், காந்தாவைக் கட்டிக்கொள் என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை நான் காந்தாவுக்குப் படிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். வசந்திக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபால்சாமி


நெல்லிவாசல்நாடு
ஐப்பசி மாதம்

அன்புள்ள செந்தாமரைக்கு,

நல்ல சேதி முதலில். ஊற்று கசிகிறது. ஆரம்பத்தில் வாயில் வைக்க முடியாதபடி புகை நாற்றம். இப்போது குடிக்கலாம். பெண்கள் மறுபடி அங்கேதான் போகிறார்கள்.

பள்ளத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் முதலில் பச்சையாகப் பாசி படர்ந்தது. ஓரத்தில் எரியாமல் தப்பிய கருமண்ணிலிருந்து கோரை முளைத்து உள்ளே நகர்ந்து வருகிறது. தண்ணீர் ஏறாத மேட்டில் மட்டும் உண்ணிச்செடி கிளம்பியது. ராஜாக்கண்ணு பிடுங்கிக்கொண்டே இருக்கிறான். தவளைச் சத்தம் வீடு வரை கேட்கிறது. ஆனால் இறங்கிய தரை இறங்கியதுதான். அத்தனை கருமண் திரும்பப் படிய, நம் வசந்தியின் பேரப்பிள்ளைகள் காலமும் போதாது. ஊரில் யாரும் அதை மூடி மறைத்துப் பேசுவதில்லை.

காந்தாவுக்குச் செங்கம் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. தையில் கல்யாணம். அக்கா வராமல் தாலி ஏறாது என்கிறாள். நீ எழுதச் சொன்னதற்கு இதுதான் என் பதில் என்று வைத்துக்கொள்.

உனக்குக் கால் பொருத்தியாகிவிட்டது, கம்பு ஊன்றி வராந்தாவில் நடக்கிறாய் என்று ஞானமேரி அக்கா தனியாக ஒரு கார்டு போட்டிருந்தார். ஊருக்கு எப்போது என்று கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாயாம். அங்கே ஒரு விடுதியில் தையல் கற்றுக்கொண்டு தங்கிவிடுவதாகச் சொன்னாயாம். தையல் நல்ல தொழில்தான். நான் குறை சொல்லவில்லை. இந்த மலையில் நடப்பது இனி உனக்குக் கஷ்டம், அதுவும் உண்மை. தண்ணீருக்கு நான் போவேன். விறகுக்கு நான் போவேன். ஆனால் விதையெல்லாம் எந்தப் பானையில் எதைப் போட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வேலை முடித்து வந்தால் இன்னது நடந்தது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் போல.

வருகிற வியாழக்கிழமை வேலூருக்கு வருகிறேன். ராஜாக்கண்ணுவும் வருகிறான். ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது. ரோட்டிலிருந்து மேலே டோலி இருக்கும். நடக்கிறேன் என்றால் நட, நாங்கள் மெதுவாகக் கூட வருகிறோம். வரப் பிடிக்கவில்லை என்றால் அதை யாரையும் எழுதச் சொல்லாதே. என்னைப் பார்த்து நீயே சொல். எத்தனை நேரமானாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

வசந்தியையும் அழைத்து வருகிறேன். உன் காலைப் பற்றி அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அழவில்லை. "அம்மா புதுக் காலுக்கும் செருப்பு போட்டுக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

வேடியப்பன் உனக்குத் துணை நிற்கட்டும்.

உன்
கோபால்சாமி