குழாயடியில் நீ கேட்டது

ராயபுரம்,
ஜூலை 1948

அன்புள்ள பிலோமினாவுக்கு,

முப்பது வருடமாக நோன்புக் கஞ்சி உன் வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம் என் வீட்டுக்கும் ஒரே பித்தளைத் தூக்கில்தான் போய் வந்தன. ஒருநாளும் அது காலியாகத் திரும்பியதில்லை. பலகாரத்தில் இனிப்பு குறைவு என்றதற்கு நீ மூன்று மாதம் பேசாமல் இருந்தாய். அதையும் நான் மறக்கவில்லை.

போன வாரம் குழாயடியில் நாலைந்து பேர் சேர்ந்து என் வீட்டுக்காரரின் கையை ஒடித்தபோது நீ குடத்தோடு நின்றாய். “தொப்பிக்காரா, பாகிஸ்தானுக்கு ஓட்ரா” என்று அவன்கள் கத்தியது உன் காதில் விழுந்தது. போலீஸ்காரரிடம், “நான் இன்னாத்த கண்டேன், தண்ணி புடிச்சிக்கினு இருந்தேன்” என்றாய். நோன்பு பிடித்திருந்த மனுஷன் குடித்துவிட்டுச் சண்டை போட்டதாக எழுதிவிட்டார்கள்.

“அடி அடிதாம்மா. எதுக்கு அடிச்சாலும் சட்டத்துல தண்டனை ஒண்ணுதான்” என்கிறார் வக்கீல். குடிச்சண்டை என்றால் வலி என் வீட்டுக்காரர் கையோடு போய்விடும். தொப்பிக்காக விழுந்த அடி என் பேரன்களுக்கும் சேர்த்து விழுந்தது. இப்போது அவர்கள் தொப்பியை மடியில் மறைத்துக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போகிறார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. வந்து, கேட்டதைச் சொல். தூக்கு என்னிடம்தான் இருக்கிறது. நீ வராவிட்டால் செவ்வாய்க்கிழமை அதைக் கழுவித் துடைத்து, காலியாக உன் வாசலில் வைப்பேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து வீட்டுக்காரி