வீதியோரப் புதைகுழியில் ஒரு சிட்டிகைத் திருநீறு

மச்சான்,

உன் மகள் போன சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குப்பியை வைத்தாள். முன்பு கமராவுக்குப் பிலிம் சுருள் வந்த குப்பி. நீ கண்மூடியபின், எங்கடின் மலைப்பக்கத்தில் ஹோட்டல்காரர் உனக்குத் தந்திருந்த அறையை ஒதுக்கியபோது, சட்டைகளுக்கு அடியில் கிடந்ததாம்.

"இதுக்குள்ள என்ன மாமா? அப்பா ஏன் இதைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தவர்?"

மூடியைத் திறந்தேன். திருநீற்று வாசனை வந்தது. அது உன்னுடையது அல்ல, என்னுடையது. இருபது வருடங்களுக்கு மேலாக என் குற்றத்தை நீ உன் சட்டைகளுக்குக் கீழே வைத்திருந்திருக்கிறாய். தேநீர் ஊற்றுகிற சாட்டில் எழுந்து அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஃப்ரிபூர்க்கிலிருந்து காலையில் வேலையாட்களை ஏற்றிப்போகும் வானில் நாம் இருவரும் போய் இறங்கும் அந்த வயல் ஞாபகம் வந்தது. நெடுஞ்சாலையை அகலமாக்க முன் தொல்பொருள்காரர் எங்களைக் கூலிக்கு வைத்து நிலத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். அடியில் இன்னொரு வீதி இருந்தது, ரோமர் போட்டது. கூழாங்கல்லை இறுக்கி, நடுவை உயர்த்தி, இரண்டு கரையிலும் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். கரை நெடுகப் புதைகுழிகள். எரிந்த எலும்பும் சாம்பலும் நிறைந்த மண்சட்டிகள், பக்கத்தில் சின்ன விளக்கு, நெருப்பில் உருகிய கண்ணாடி. முன்பு போல ஹோட்டலில் சட்டி கழுவுவதைவிட இங்கே மண்ணை அரித்துக் கழுவுவது மேல் என்று நீ சிரித்தாய்.

நாங்கள் மடாம் என்று கூப்பிட்ட பொறுப்பாளர் ஒருநாள் விளக்கம் சொன்னார். ஊருக்குள் புதைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை, அதனால் வெளியே வீதியோரம் புதைத்தார்கள். போகிற வருகிறவர்கள் நின்று கல்லில் இருக்கும் பெயரை வாசிக்க வேண்டும் என்பது செத்தவர்களின் ஆசை என்றார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"பாத்தியே மச்சான். எங்கட ஆக்கள் சுடலையால வரேக்க திரும்பியும் பாக்காயினம். இவங்கள் எங்களைப் பாருங்கோ எண்டு கரையில படுத்திருக்கிறாங்கள்."

ஒவ்வொரு குழிக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைசி வரியில் தோண்டியவரின் பெயர். என் பிரெஞ்சு எழுத்து நாய்க்கும் விளங்காது என்று நீயே என் படிவங்களையும் எழுதுவாய். பெயரையும் உன்னுடையதாகவே போடுவாய். "மடாம் கேள்வி கேட்டா நான் கதைச்சுச் சமாளிப்பன். நீ முழுசிக்கொண்டெல்லோ நிப்பாய்."

அந்தச் சின்னக் குழி எனக்கு விழுந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளை என்று மடாம் எலும்பைப் பார்த்துச் சொன்னார். உன் மகளுக்கும் அப்போது ஏழு வயது. எரிந்த பிள்ளையை வெறுங்கையோடு தூக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டைப் பையில் இருந்த குப்பியைத் திறந்து, ஒரு சிட்டிகைத் திருநீற்றைச் சட்டிக்குள் இட்டேன். நீ கண்டுவிட்டாய்.

"டேய், என்ன செய்யிறாய்?"

"ஆரெண்டாலும் பிள்ளைதானே."

"மடாம் கண்டா நீ துலைஞ்சாய். இஞ்ச தா அதை" என்று குப்பியைப் பறித்து உன் பையில் போட்டாய். அந்தச் சாம்பலை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள் என்பது நம் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

சில மாதங்களில் முடிவு வந்தது. மாட்டுச் சாணம் எரித்த சாம்பல் கலந்திருக்கிறதாம். மடாமுக்குக் கால் நிலத்தில் படவில்லை. இப்படி ஒரு வழக்கம் வேறெங்கும் காணப்படவில்லை என்று அறிஞர்கள் கூடிய இடத்தில் பேசிவிட்டும் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நீ கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசியபடி வேலைக்கு வந்தாய். மடாம் உன் நெற்றியையே பார்த்தார். அது என்ன, எதில் செய்வது என்று கேட்டார். மாட்டுச் சாணத்தை எரித்து என்று நீ சொன்னாய். அவர் முகம் வெளிறிப்போய் உள்ளே சென்று படிவத்தோடு வந்தார். இந்தக் குழியைத் தோண்டியது நீதானா என்றார்.

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். நான் அரிதட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"உய், மடாம்" என்று நீயே ஒப்புக்கொண்டாய்.

உன் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. நம் இருவருடைய வதிவிட விண்ணப்பமும் அப்போது ஒரே அரசாங்கக் கந்தோரில் முடிவுக்குக் கிடந்தது. வேலை இருந்த எனக்கு அனுமதி வந்தது. நீ கிடைத்த வேலைக்கு எங்கடினுக்குப் போய், திரும்பவும் சட்டி கழுவினாய். மனைவியும் மகளும் ஃப்ரிபூர்க்கில் தங்கிவிட்டார்கள். "ஒராளெண்டாலும் நிண்டு பிடிச்சாக் காணும். நீ வாயைத் திறக்காதை" என்று ரயிலடியில் சொன்னாய். அந்தச் சொல்லை நான் இத்தனை வருடம் காப்பாற்றியது உனக்காக அல்ல. அது எனக்கு வசதியாக இருந்தது.

தேநீர் ஆறியபின் உன் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அம்மா கேக்கேக்கையும் அப்பா தன்ர பிழை எண்டுதான் சொன்னவர். தன்ர கவலையீனத்தால எங்களை விட்டிட்டுப் போனவர் எண்டு நான் அவரோட ஒழுங்காக் கதைக்கிறேல்லை மாமா. லீவில வந்து நிண்டாலும் அறையைப் பூட்டிக்கொண்டு இருப்பன். உங்களுக்கு அது தெரியும்."

தெரியும். நீ அதை என்னிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறாய். நான் 'ம்' கொட்டிக் கேட்டிருக்கிறேன். அவள் குப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

திங்கட்கிழமை தொல்பொருள் கந்தோரில் பழைய படிவங்கள் இருக்கும் அறைக்குப் போனேன். இப்போதைய பொறுப்பாளர் இளம்பெண். திருத்தம் எழுத வேண்டும் என்றதும் எடுத்துத் தந்தாள். கடைசி வரியில் உன் உருண்டை எழுத்து. அதை வெட்டி என் பெயரை எழுதத்தான் வந்திருந்தேன். பேனையைக் கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. உன் சாம்பலை ஃப்ரிபூர்க்கில் ஓடும் சாரின் ஆற்றில் கரைத்தோம். நின்று வாசிக்க உனக்கு ஒரு கல் இல்லை. நீ வேலை செய்த அந்த வீதியோரத்தில் உன் பெயர் மிஞ்சியிருப்பது இப்படியான தாள்களில்தான். அதையும் நான் வெட்டுவதா?

வெட்டவில்லை. அதற்குக் கீழே, சாம்பல் போட்டது நான், அவர் அல்ல என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்தப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் எழுத்து அவளுக்கும் விளங்கவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னாள். மேல் வரியிலிருந்து தொடங்கி, உன் பெயரை முழுதாக, உரக்க வாசித்தேன்.

அந்தத் தாளைப் படம் எடுத்து உன் மகளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. குப்பி பழையபடி என் சட்டைப் பையில் இருக்கிறது.