உன் சுவரில் நான் ஒட்டிய பட்டியல்

ஆசை அக்காவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். இந்தத் தீபாவளி கழிந்தால் நீ போய் ஒரு வருடம். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இந்த ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். போனவர்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார்கள். உனக்கும் தெரியுமா? தெரிந்தும் என்னைத் திட்டாமல் இருக்கிறாயா?

முதலில் ஊர்ச் செய்தி. நமுனுகுல பக்கம் நல்ல மழை. தேயிலைத் தோட்டத்தில் உன் லயத்து வீட்டுக்குப் பின்னால் நீ கொத்திப் போட்ட துண்டு நிலத்தில் வல்லாரை மண்டிக் கிடக்கிறது. பூசணிக்கொடி கூரைத் தகரத்தில் ஏறிவிட்டது. மச்சான் காம்பரா அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. எனக்கும் சீனி வந்திருக்கிறது, அக்கா. நாலு மாதமாக மாத்திரை போடுகிறேன். பாடசாலையில் யாருக்கும் சொல்லவில்லை. பதுளையில் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் போசணையும் சமச்சீர் உணவும் படிப்பித்த விஞ்ஞான ஆசிரியருக்கு நீரிழிவு என்றால், ஓய்வறையில் சிரிப்பதற்கு ஆள் இருக்கிறது. என்னை 'லயத்துப் பொடியன்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் யார் யார் என்று நான் இன்னும் மறக்கவில்லை.

நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் மகளின் சடங்கு நாளையும் மறக்கவில்லை. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. சீர்த் தட்டோடு நடந்தே மலையேறி வந்தேன். வந்து பார்த்தால் மச்சானின் பங்காளி ஒருவர் தாய்மாமன் இடத்தில் நின்று மாலை போட்டு முடித்திருந்தார். "நேரம் தப்பிடும்னு பெரியவங்க சொன்னாங்கப்பா, கோவிச்சுக்காத" என்று நீ என் கையைப் பிடித்தாய். நான் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் உன் படி மிதிக்கவில்லை. இப்போது எழுதும்போதும் எரிகிறது, அக்கா. அது எரிகிறதே என்பதுதான் இன்னும் வெட்கம்.

பிறகு உனக்குச் சீனி என்று கேள்விப்பட்டேன். வந்தேன். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு பட்டியலோடு வந்தேன்.

பெரிய தாள். நடுவில் கோடு. ஒரு பக்கம் உண்ணக்கூடியவை, மறுபக்கம் கூடாதவை. உண்ணக்கூடியவற்றில் ஓட்ஸ், அப்பிள், கொழுப்பு நீக்கிய பால்மா, கடல்மீன், ஒலிவ் எண்ணெய், குரக்கன் பாண். கூடாதவற்றில் கோதுமை மா ரொட்டி, வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, தேங்காய், சீனி போட்ட தேத்தண்ணி. அடியில் 'தினமும் முப்பது நிமிட நடை'. அதற்கும் அடியில் என் முழுப்பெயர், பட்டம், பாடசாலை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன்.

"என்னென்னமோ எழுதியிருக்க. நான் இதெல்லாம் எங்கப்பா போய்த் தேட?" என்று சிரித்தாய்.

"வாயைக் கட்டினாப் போதும். படிக்காதவங்களுக்கு அதுதான் கஷ்டம்" என்றேன்.

என்னைப் படிக்க வைக்கத்தான் நீ எட்டாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனாய். உன்னிடமே 'படிக்காதவங்க' என்று சொன்னேன். அந்தத் தாளை அன்பினால் எழுதினேன் என்று இதுவரை எனக்கே சொல்லிவந்தேன். அன்பும் இருந்திருக்கலாம். ஆனால் வாசலில் வைத்துவிட்டுப் போன தட்டுக்குப் பதிலாகத்தான் அதைச் சுவரில் அறைந்தேன். உங்கள் வீட்டில் இடம் கிடைக்காதவனின் பெயரை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று இருந்தது.

நீ என்ன செய்தாய்? கடையில் இல்லாததை விட்டுவிட்டாய். கூடாது என்று எழுதியதையும் விட்டுவிட்டாய். மிச்சம் என்ன இருந்தது, அக்கா? அதை நான் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தபோது உன் கன்னம் ஒட்டியிருந்தது. "இளைச்சிருக்க, ரொம்ப நல்லது" என்று பாராட்டினேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த நடையும் நடந்தாயாம். விடியப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவள், பொழுது சாய லயத்து வாசலில் மேலும் கீழுமாக நடந்திருக்கிறாய். "என்னடி, தொரை மாதிரி லாத்துற?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணினாளாம். "எந்தம்பி எழுதிக் குடுத்திருக்கு. அது படிச்ச புள்ள" என்றாயாம். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்கிற எனக்கு வேண்டிய நடையை உனக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

போன தீபாவளிக்கு உன் மகள் பதுளைக் கடையில் மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தாள். நீ வேண்டாம் என்றாய். அவள் ஒரு துண்டைப் பிய்த்து உன் வாயில் ஊட்டினாள். அடுத்த வாரம் கொழுந்து நிறுக்க இறங்கி வரும்போது கல்படியில் மயங்கி விழுந்தாய். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாய்.

இப்போது அதைச் சொல்கிறேன். வார்ட்டில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஆங்கிலத்தில் பேசினார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், வெறும் வயிற்றில் சீனி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாய், இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியதால்தான் மயங்கி விழுந்திருக்கிறாய் என்றார். "சாப்பாட்டை ஏன் விட்டார்கள், யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

வெளியே மச்சானும் உன் மகளும் நின்றார்கள்.

"என்னவாம் மாமா?"

"சீனி ரொம்ப ஏறிடுச்சாம்" என்றேன்.

அவள் தன் கையைப் பார்த்தாள். ஊட்டிய கையை. நான் அதைப் பார்த்தேன், அக்கா. பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

சாவு வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "மகளே கையால குடுத்தாளாமே." "வாயக் கட்டத் தெரியல பாவம்." நான் பந்தலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பேச எழுப்பினார்கள். எழுந்து, படிப்பறிவும் உணவுக் கட்டுப்பாடும் நம் மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பேசினேன்.

எனக்குச் சீனி வந்து கிளினிக்குக்குப் போன முதல் நாள், உன் மகள் வயதுள்ள ஒரு நேர்ஸ் பிள்ளை என் எதிரில் உட்கார்ந்தாள். எதையும் எழுதித் தரவில்லை. "நேத்து காலைல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க சேர்" என்றாள். இந்தக் கேள்வியை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை என்பதுதான் நினைவில் நின்றது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ரொட்டிய நிப்பாட்ட வேணாம். மூணு தின்னா ரெண்டாக்குங்க, குரக்கன் மா கலந்து சுடுங்க. சாப்பாட்டுக் கோப்பையில பாதிக்குக் கீரை, மரக்கறி. தேத்தண்ணிக்குச் சீனியக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. மாத்திரை போட்டா மட்டும் பட்டினி கிடக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். வல்லாரையும் முருங்கைக் கீரையும் பூசணியும் போஞ்சியும் உன் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தன. பட்டியல் ஒட்ட வந்த அன்று பின்கதவைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

போன மாதம் திவசத்துக்கு ஒழுங்கு செய்யப் போனேன். உன் மகள் சுவரைத் துடைத்துவிட்டு அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதுல உள்ளபடி எல்லாம் அம்மா ஒழுங்காத்தான் செஞ்சிச்சு மாமா. நான்தான் கெடுத்துட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், அக்கா. அப்போதும் நான் "சரி, அழாத" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தெமோதரை வருமுன் இறங்கித் திரும்பிவிடலாம் என்று இருந்தது. இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். மச்சானையும் உட்கார வைத்து, டொக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். எனக்கும் சீனி வந்ததையும், மாத்திரை போட்டால் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்று நேர்ஸ் பிள்ளை சொன்னதையும் சொன்னேன். அந்த ஒரு துண்டு மஸ்கட் ஒன்றும் செய்யவில்லை, என் பட்டியலும் என் பொய்யும்தான் செய்தன என்றேன்.

மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். உன் மகள் அழவில்லை. "ஒரு வருசமா மாமா?" என்றாள். நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப இருங்க. சாப்பிடாம போகக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க" என்றாள். குரலில் பாசம் இல்லை. குரக்கன் ரொட்டி இரண்டும், உன் தோட்டத்து வல்லாரைச் சம்பலும், சீனி போடாத தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். முழுக்கச் சாப்பிட்டேன்.

திவசத்தன்று பந்தலில் எல்லோர் முன்னாலும் இதையே சொல்வேன். அவள் கையில் ஒரு பாவமும் இல்லை என்று, சாவு வீட்டில் பேசியவர்களின் காதில் விழும்படி சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இனி யார் என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காமல் ஒரு சொல் எழுதமாட்டேன். அதுவும் வாக்கு.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப் போல் ஒரு தாளைப் பார்த்துப் பட்டினி கிடக்கிறவர் இன்னும் எந்த லயத்தில் இருக்கிறாரோ. அடியில் என் பெயரை எழுதினேன், பட்டத்தையும் எழுதினேன், பிறகு இரண்டையும் வெட்டினேன். பயமும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் பந்தலில் என் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் பெயர் உன் சுவரில் இருந்தது போதும். பெயர் இல்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.

உன் தம்பி