பதின்மூன்றாவது கை

அங்கிள்,

பக்கத்து வீட்டுக்காரன் இண்டைக்கு வேலிக்குப் பெயின்ற் அடிக்கிறான். அந்த எண்ணெய் மணம் குசினி யன்னலுக்குள்ளால வந்து என்ர மீன் குழம்பையே அமத்திப்போட்டுது. கிளென் வேவர்லியில உங்கட கராஜ் கதவைத் திறந்தால் முகத்தில அடிக்கிற அதே மணம். செத்து ரெண்டு வருசமாகியும் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல்தான் வீட்டுக்குள்ள வாறீங்கள். வந்ததுதான் வந்தீங்கள், இருங்கோ. எனக்கும் உங்களுக்கும் ஒரு கொழுவல் இன்னும் முடியேல்லை.

தமிழிலதான் எழுதுறன். உயிரோட இருந்தாலும் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஐஞ்சாம் வகுப்போட நிண்ட எனக்கு எழுதத் தெரிஞ்சது இது ஒண்டுதான். நாங்கள் ரெண்டு பேரும் கதைச்ச இங்கிலீசை எழுதினால் பொலிஸ் பிடிக்கும். உங்களிட்ட நூறு சொல்லு, என்னட்ட நூறு சொல்லு, அதில அரைவாசி மீன்ர பேர்.

பேத்தியின்ர பள்ளிக்கூடத்துக்காக உங்கட மூத்தவன் வாங்கின அந்தப் பெரிய வீட்டுக்கு, கிழமையில மூண்டு நாள் கூட்டித் துடைச்சுச் சமைக்க வந்தனான் நான். சீனாவில சித்திரம் படிப்பிச்ச வாத்தியார் நீங்கள். இங்க வந்து கராஜுக்குள்ள, காருக்குப் பதிலா நிண்டீங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் அந்த வீட்டில மனிசர் எண்டு நாங்கள் ரெண்டு பேர்தான். என்னை ‘சிஸ்டர்’ எண்டீங்கள். ஸ்பிரிங்வேல் சந்தையில தலையோட முழு மீன் வாங்கிக்கொண்டு வந்தால் மட்டும் ‘குட் சிஸ்டர்’.

ஒரு மாரிகாலம் முழுக்க அந்தப் பெரிய படத்தைக் கீறினீங்கள். வட்டமேசையைச் சுத்தி ஆறு பேர். நீங்கள், ரெண்டு மகன்மார், ரெண்டு மருமகள்மார், பேத்தி. எல்லாருக்கும் கழுத்துமட்டும் பொத்தான் பூட்டின சாம்பல் கோட்டு. எல்லாருக்கும் ஒரே முகம்.

“இதென்ன அங்கிள், குடும்பமோ பொலிஸ் ஸ்டேசனோ?” எண்டு கேட்டன்.

இருமல் வருமட்டும் சிரிச்சீங்கள். “மேசைக்கு மேல இருக்கிறது ஊர் பாக்கிறது. ஊருக்கு முன்னால எல்லாரும் ஒரே ஆள்.” பிறகு பிரஷ்ஷாலை மேசைக்குக் கீழ காட்டினீங்கள். அங்க சப்பாத்துகள், ஒண்டைப்போல ஒண்டில்லை. மூத்தவன்ர மினுங்கல் சப்பாத்து வாசல் பக்கம் திரும்பி நிண்டுது, எந்த நேரமும் எழும்பி ஓடுறதுக்கு. அவன்ர மனிசிக்குச் சப்பாத்தே இல்லை, வெடிச்ச குதிக்கால். “கீழ இருக்கிறதுதான் குடும்பம்” எண்டீங்கள்.

பன்னிரண்டு கையும் மேசைக்கு மேல, விரல் விரிச்சபடி கிடந்துது. கட்சிக் கூட்டத்தில அப்பிடித்தான் இருக்கோணுமாம், ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டு காட்டோணுமாம். உங்கட ஊர்க் கூட்டங்களில என்ன நடந்தது எண்டு நான் கேக்கேல்லை. எங்கட ஊரிலயும் கூட்டம் வச்சவை.

பிறகொரு நாள் ஏழாவது ஆளா என்னைக் கீறினீங்கள். படத்தின்ர ஓரத் தொங்கல்ல, உங்களுக்குப் பக்கத்தில. சாம்பல் கோட்டு இல்லை, என்ர பச்சைக் காடிகன்தான்.

“நான் இவ்வளவு குண்டோ?”

“துணி போதாமல் போச்சு, சிஸ்டர். இல்லாட்டி சரியான அளவில கீறியிருப்பன்.”

உங்கட நாக்குக்கு அந்த வயசிலயும் குறைவில்லை. ஆனால் என்ர கையை வடிவாக் கீறினீங்கள். ரெண்டு சிவப்புக் காப்போட, மீன்ர கன்னத்துண்டை உங்கட கிண்ணத்தில வைக்கிற கை. அந்தப் படம் முழுக்க வேலை செய்யிற கை அது ஒண்டுதான். “அன்பு எண்டு நாங்கள் வாயால சொல்லுறேல்லை. நல்ல துண்டை எடுத்துக் கிண்ணத்தில போடுவம். வீட்டாள்தான் போடும்” எண்டீங்கள்.

“நான் மேசையில இருக்கிறது மகனுக்குத் தெரியுமோ?”

“நாளைக்குச் சொல்லுறன்.”

எத்தினை நாளைக்கு அங்கிள்! ஒரு நாளைக்கு, நீங்கள் எழும்பவே இல்லை.

செத்தவீட்டுக்கு என்னைக் கூப்பிடேல்லை. ‘குடும்பம் மட்டும்’ எண்டு போனில மெசேஜ் வந்துது. நூறாம் நாள் சாப்பாட்டுக்கு மூத்தவன் கூப்பிட்டான், கோப்பை கழுவ. வாசலிலயே முழங்கைவரைக்கும் வாற மஞ்சள் ரப்பர் கையுறையையும் தந்தான். உள்ள போறன், சாப்பாட்டறைச் சுவரில படம். என்னைக் காணேல்லை. நான் இருந்த பக்கத்துத் துணியைப் பின்னுக்கு மடிச்சு அடிச்சுச் சட்டம் போட்டிருக்கிறான்.

குசினியில பிடிச்சுக் கேட்டன்: “தம்பி, நான் எங்க?”

“அன்ரி, அது குடும்பப் படம்” எண்டான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அழுகை வரப் பாத்துது. குசினி வாசலால திரும்பிப் படத்தைப் பாத்தன், சிரிப்பு வந்துது. முழுக்க மடிச்சால் உங்கட தோளும் கிண்ணமும் போயிடும் எண்டு, அவன் என்ர கையை மட்டும் விட்டுட்டான்! ஆளில்லாமல் ஒரு பொம்பிளைக் கை, காப்புப் போட்டுக்கொண்டு, உங்களுக்கு மீன் ஊட்டுது.

சீனாவிலயிருந்து வந்த உங்கட அக்கா, மூத்தவன்ர மாமி, மேசையில பெரிய இடத்தில இருந்தா. அவவுக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் வராது. மீன் தட்டை அவவுக்கு முன்னால வச்சன். வச்சிட்டுப் படத்தை ரசிக்கிற மாதிரி நிண்டு, கையுறை விரலால ஒவ்வொரு கையாத் தொட்டுக் காட்டினன். விரல் மடிச்சு எண்ணுறதுக்குப் பாசை தேவையில்லையே. அவவும் என்னோட சேர்ந்து எண்ணினா. பன்னிரண்டில நான் நிப்பாட்டினன். அவ நிப்பாட்டேல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பினா. அந்தக் காப்புக்குக் கிட்ட மூக்கை வச்சுப் பாத்தா. உங்கட மனிசி செத்து இருவது வருசம். தம்பியின்ர கிண்ணத்தில துண்டு போடுற பொம்பிளை ஆர்? அவ கேட்டது சீனத்தில, எனக்கு ஒரு எழுத்தும் விளங்கேல்லை, எல்லாம் விளங்கிச்சு. மூத்தவன்ர காது நண்டு மாதிரிச் சிவந்துது.

குசினிக்கு ஓடிவந்தான். “அன்ரி, அப்பாவுக்கு ரெண்டாம் தாரம் இருந்ததெண்டு மாமி சொல்லுறா! பிள்ளையள் இருக்கோ எண்டு கேக்கிறா! அது வேலைக்கு வாற உங்கட கைதான் எண்டு வந்து சொல்லுங்கோ.”

“நான் எப்பிடித் தம்பி? அது குடும்பப் படமல்லோ.”

கையுறையைக் கழட்டவே இல்லை, காப்பு ரெண்டும் அதுக்குள்ளதான் கிடந்துது. கோப்பையெல்லாம் பளபளவெண்டு கழுவி அடுக்கிப்போட்டு, “போட்டு வாறன்” எண்டு பஸ்ஸேறினன்.

இப்பவும் போன் எடுக்கிறான். ஒவ்வொரு புதுவருசத்துக்கும் மாமி அந்தப் பொம்பிளையை விசாரிக்கிறாவாம். வேலைக்கு வந்த ஆளெண்டு அவன் சொன்னால் நம்புறாவில்லையாம். படத்தைக் கழட்டினால் உண்மையெண்டு ஆயிடுமாம், அதால கழட்டவும் ஏலாதாம். போன கிழமையும் கெஞ்சினான். “சொல்லலாம் தம்பி. முதல் மடிச்சதை விரி. பிறகு, அந்த மேசையில நான் ஆர் எண்டு உன்ர வாயால மாமிக்குச் சொல்லு. நான் பக்கத்தில நிண்டு தலையாட்டுறன்” எண்டன். யோசிக்கிறானாம்.

அதுவரைக்கும் உங்கட பேர்தான் நாறுது, தெரியும். எழுவத்தெட்டு வயசில கள்ளப் பொம்பிளை! பாவம் எண்டு நினைக்கப் பாத்தன், மனம் வரேல்லை. அந்த மேசையில என்னை இருத்தத் தெரிஞ்ச உங்களுக்கு, மகனுக்கு முன்னால ஒரு வசனம் சொல்லத் துணிவில்லாமல் போச்சு. உங்களிட்டயிருந்து எனக்கு மிஞ்சினது இந்தக் கோவம் ஒண்டுதான். தூசி விழாமல் வச்சிருக்கிறன்.

அவன் ஆறுதலா யோசிக்கட்டும் அங்கிள். எனக்கு அவசரமில்லை. நீங்களும் இனி எங்கயும் போகப்போறேல்லை.