இலை முன்னால் உட்கார்ந்து போட்ட ஊசி

என் வசந்தாக்கா,

முதல்ல சந்தோஷத்தைச் சொல்லிடறேன், அப்புறம் நீ எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ. நம்ம தேனுவுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு! மாப்பிள்ளை பழையசீவரம். பேரு கார்த்தி. ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில மெஷின் ஓட்டறான். ஊரெல்லாம் வாயடிக்கிற உன் பொண்ணு, நேத்துல இருந்து அவன் போன் வந்தா மட்டும் மாடிப் படிக்குப் போய் நின்னுக்கிட்டு மெதுவாப் பேசறா. நீ பார்க்கணுமே!

நேத்து காலையில பள்ளிக்கூடத்துல சத்துணவுக்கு அரிசி அளந்து போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் மாப்பிள்ளை வூட்டுல இருந்து போன் வந்தது. பேசி முடிச்சதும் அரிசி மூட்டை மேலயே உட்கார்ந்துட்டேன். சமையல்காரம்மா பயந்து ஓடி வந்தாங்க. "இன்னா மேடம், சக்கரை எறங்கிடுச்சா? மிட்டாய் எடுத்தாரட்டா?"

"எடுத்தாங்க, எனக்கில்ல, எல்லாப் பசங்களுக்கும் குடுங்க"ன்னு சொன்னேன்.

கவனிச்சியா அக்கா? எனக்குச் சக்கரை இருக்கறது சமையல்காரம்மாவுக்கும் தெரியும். நம்ம ஊர் பெருநகர்ல இப்ப முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடுதாசி.

ஆஸ்பத்திரிக் கட்டில்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்ன நீ? "செல்வி, நம்ம ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கறது தேனு கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் வெளிய தெரியக் கூடாதுடி. பரம்பரைச் சக்கரைன்னு ஒருத்தன் வாய வுட்டான்னா முடிஞ்சது." நானும் சரின்னு தலையாட்டினேன். வேற என்ன சொல்ல முடியும் அந்த நேரத்துல?

அக்கா, உன்னை மாதிரி தைரியசாலியை நான் பார்த்ததில்லை. மாமா போனதுக்கு அப்புறம் தனியா நின்னு ரெண்டு போகம் வெச்ச. கிராம சபையில தண்ணி விடலன்னு எழுந்து நின்னு கேட்ட. அந்த நீ, விரல் நீளம் இருக்கற ஒரு ஊசிக்கு எப்படிப் பயந்த! உத்திரமேரூர்ல நடந்த அந்தக் கல்யாணம் ஞாபகம் இருக்கா? மண்டபத்துக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் புகைக்கு நடுவுல நீ உட்கார்ந்திருந்த. யாரும் பார்க்காம இருக்க நான் முந்தானையைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அடுத்த கல்யாணத்துக்கு அது கூட வேணாம்னு வூட்டுலயே போட்டுக்கிட்டு வந்த. பந்தி லேட்டாயி, ஊசி போட்ட உடம்புல சக்கரை எறங்கிடுச்சு. வரிசையில நின்ன இடத்துலயே வேர்த்து விழுந்துட்ட. தண்ணி தெளிச்சவங்ககிட்ட "இன்னிக்கு விரதம்"னு சொன்ன பாரு, அந்தப் பொய்யை என்னால மறக்கவே முடியலை. அதுக்கப்புறம் வெளிய சாப்பிடற நாளெல்லாம் ஊசியே போடாம விட ஆரம்பிச்ச. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதையும் விட மாட்ட நீ. எத்தனை வேளை விட்டுப் போயிருக்கும் அக்கா? கிட்னி கெட்டதுக்கு அது மட்டும்தான் காரணம்னு டாக்டர் சொல்லலை. ஆனா அது காரணமே இல்லைன்னும் சொல்லலை.

சரி, அழ வெக்க எழுதலை. நடந்ததைக் கேளு.

போன ஞாயித்துக்கிழமை உத்திரமேரூர்ப் பெருமாள் கோயில்ல வெச்சுப் பொண்ணு பார்த்தாங்க. பையன், அவங்க அம்மா, அம்மாவோட அண்ணன், மூணே பேரு. நம்ம பக்கம் நானும் தேனுவும். பார்த்ததும் பிடிச்சுப் போச்சுன்னு எல்லார் மூஞ்சியிலயும் தெரிஞ்சது. "மணி ஒண்ணாவுது, வாங்க, ஒண்ணா சாப்டுட்டே பேசலாம்"னு அந்த அம்மா கூப்பிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற சைவ ஓட்டலுக்குப் போனோம்.

எனக்கு ஊசி வேளை. சாப்பிடறதுக்குச் சரியா முன்னாடி போட்டாகணும். கை கழுவிட்டு வரேன்னு சொல்லிட்டுப் பின்பக்கம் போனேன். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பல்பு எரியலை. தரையெல்லாம் ஈரம். பையைத் தோள்ல மாட்டி, கதவை ஒரு காலால முட்டுக் கொடுத்து, இன்சுலின் பேனாவோட மூடியைப் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இருட்டுல எத்தனை யூனிட் வெச்சிருக்கேன்னே தெரியலை. வெளிய யாரோ கதவைத் தள்ளினாங்க.

அப்ப எனக்கு வந்தது பாரு ஒரு கோவம்! உன் மேல, என் மேல, எல்லார் மேலயும். நான் என்ன திருட்டா பண்றேன்? சோறு திங்கறதுக்கு மருந்து போட இங்க வந்து ஏன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்? மூடியைத் திரும்பவும் மாட்டினேன். சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு நேரா மேஜைக்கு வந்துட்டேன்.

இலை போட்டு, சோறு வெச்சுட்டாங்க. நான் கை வைக்காததைப் பார்த்துட்டுப் பையனோட அம்மா, "இன்னாமா, சும்மா உக்காந்துகினு கீறீங்க? சாப்டுங்க"ன்னாங்க.

"ஒரு நிமிஷங்க. எனக்குச் சக்கரை கீது. ஊசி போட்டுக்கினு சாப்டறேன்."

சொல்லிட்டேன் அக்கா! பேனாவை எடுத்துப் பன்னெண்டு யூனிட் திருப்பினேன். சேலை கட்டினவங்களுக்கு இதுல ஒரு சௌகரியம், இடுப்புப் பக்கம் ரெண்டு விரல் அளவு விலக்கினாப் போதும். குத்தி, அழுத்தி, பத்து எண்ணணும். அந்தப் பத்து எண்ணறதுக்குள்ள எனக்குப் பத்து வருஷம் போன மாதிரி இருந்தது.

நாலு எண்ணும்போதே பையனோட மாமா, "சாப்பட்ற எடத்துலயாமா இதெல்லாம்?"னு கேட்டாரு.

"சாப்பாட்டுக்காகத்தாங்க இது"ன்னேன். பத்து எண்ணி முடிச்சு, ஊசியைக் கழட்டி டப்பாவுல போட்டு மூடினேன்.

அவரு விடலை. "பொண்ணோட அம்மாவுக்கும் கீதா இது?"

அந்த இடத்துல நான் தோத்துட்டேன் அக்கா. உனக்குக் கொடுத்த வாக்கு வந்து குறுக்க நின்னுடுச்சு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் சுமுகமா முடிஞ்சுடும். சொல்ல வாயைத் திறந்துட்டேன் கூட. மேஜைக்கு அடியில தேனு என் முட்டியை அழுத்தினா.

"கீது மாமா. எங்கம்மாவும் ஊசிதான் போட்டாங்க"ன்னு அவளே சொன்னா. "ஆனா இத மாரி உக்காந்து போட்டதேயில்ல. எனக்குக் கல்யாணம் ஆவாதுன்னு பயந்து மறைச்சி மறைச்சி, நெறைய நாளு போடாமலே வுட்டுட்டாங்க. அதான் இன்னிக்கு எங்கம்மா இங்க இல்ல. எனக்கு இப்பத்திக்கு இல்ல, போன மாசந்தான் டெஸ்ட்டு எடுத்தேன். நாளைக்கு வந்தா நானும் எங்க சித்தி மாரி இலை முன்னாடி உக்காந்துதான் போட்டுக்குவேன். அத நெனச்சிக்கினு முடிவு பண்ணுங்க."

உன் குரல் அக்கா, அப்படியே உன் குரல்! அதுவரைக்கும் இலையையே பார்த்துக்கிட்டு இருந்த அந்தப் பையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

சாம்பார் வாளியோட நின்னுக்கிட்டு இருந்த பரிமாறுறவரு பொறுமை இழந்துட்டாரு. "யக்கா, ஊசி போட்டாச்சில்ல? சோறு ஆறுது, ஊத்தட்டா?" தேனுவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கும். பையனும் சிரிச்சுட்டான். "ஊத்துங்கண்ணே"ன்னேன். கத்திரிக்காய் சாம்பார். வெளிய உட்கார்ந்து நிம்மதியாச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு! பயமில்லாம சாப்பிட்டா சாம்பார் இவ்வளவு நல்லாவா இருக்கும்?

இன்னொண்ணு சொல்லட்டுமா? நான் ஊசி போட்டப்ப சுத்தி இருபது பேரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. அவங்கவங்க அப்பளம் அவங்கவங்களுக்கு. இவங்களுக்காகவா நாம இத்தனை வருஷம் ஒளிஞ்சோம்?

அந்த மாமா மட்டும் சரியாச் சாப்பிடலை. பாதியில கை கழுவிட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டாரு. போகும்போது சொல்லிக்கவும் இல்லை.

அதுக்கப்புறம் மூணு நாள் பேச்சு மூச்சு இல்லை. நான் தூங்கலை. "பெரிய வீராங்கனை மாதிரி பண்ணியே, பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துட்டியே"ன்னு என்னையே திட்டிக்கிட்டேன். தேனு தான் தேத்தினா. "வரலைன்னா போவட்டும் சித்தி. நீ நேரத்துக்கு ஊசி போடு"ன்னு பேனாவை எடுத்துக் கையில குடுப்பா. நானும் பிடிவாதமா, எங்க போனாலும் வெளிப்படையாவே போட்டேன். திருப்புலிவனத்துக்கு ஒரு வேலையாப் போனப்ப நாஷ்டாக் கடை பெஞ்சுல உட்கார்ந்து போட்டேன். கடைக்காரம்மா, "வலிக்காதா?"ன்னு கேட்டாங்க. "எறும்பு கடிச்ச மாதிரி தான்"னேன். "எங்க ஊட்டுக்காரரு பயந்துகினு போடவே மாட்டேன்றாரு, கூட்டியாறேன், காட்டறியா?"ன்னாங்க. காட்டினேன். பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் எட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க!

நேத்து வந்த போன் பையனோட அம்மா பண்ணினது. சுத்தி வளைக்காம சொன்னாங்க. "எங்கண்ணனுக்கு இஷ்டமில்லமா. வேணாம்னுட்டாரு, இன்னும் முறைச்சிக்கினுதான் கீறாரு. எனக்கும் ரெண்டு நாளு கொழப்பமா தான் இருந்துச்சி. எம்பையன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான், 'இவ்ளோ பெரிய விஷயத்த மூஞ்சிக்கு நேரா சொல்ற பொண்ணு, நாளைக்கு என்கிட்ட எதையும் மறைக்க மாட்டாம்மா'ன்னு. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?" அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு, "கல்யாணத்தன்னிக்கு உங்களுக்கு எத்தினி மணிக்கு இலை போடணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. சமையல்காரர்ட்ட சொல்லி வெக்கணும்"னு கேட்டாங்க.

அங்கதான் அக்கா, மூட்டை மேல உட்கார்ந்துட்டேன்.

நீ பயந்தது எதுவும் பொய்யில்லை. அந்த மாமா மாதிரி ஆளுங்க இருக்காங்க. ஆனா அவரு மட்டும்தான் உலகம்னு நாம நினைச்சுட்டோமே, அதுதான் எனக்கு ஆறலை. உன் பக்கத்துல உட்கார்ந்து, "போடு அக்கா, நான் இருக்கேன்"னு ஒரு தடவையாவது நான் சொல்லியிருக்கக் கூடாதா? முந்தானையைப் பிடிக்க மட்டும் தானே தெரிஞ்சது எனக்கு.

வாக்கை மீறினதுக்கு மன்னிச்சுடு. பதிலுக்கு வேற ஒண்ணு தரேன், இதை மீற மாட்டேன். ஆவணியில முகூர்த்தம். முதல் பந்தியில, எல்லாரும் பார்க்கற மாதிரி நடு வரிசையில உட்காருவேன். பன்னெண்டு யூனிட் போட்டுக்குவேன். பாயசம் அரைக் கரண்டியோட நிறுத்திக்குவேன். மத்தது எல்லாம் ஒண்ணு விடாம, உனக்கும் சேர்த்துச் சாப்பிடுவேன். வருஷா வருஷம் தேனுவைக் கூட்டிக்கிட்டுப் போய் டெஸ்ட்டும் எடுப்பேன். அவளுக்குப் பேரப்பிள்ளைங்க பிறக்கற வரைக்கும் இருந்து பார்த்துட்டுதான் உன்கிட்ட வருவேன், அதுவரைக்கும் அவசரப்பட்டுக் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவ, இப்ப சம்பந்தியம்மாவும் ஆயிட்டவ,
செல்வி