ரவைக்குக் கொடுத்த வாக்கு

அக்கா,

இன்று காலை பிரிட்ஜைத் திறந்ததும் புகை மீன் வாசம் முகத்தில் அடித்தது. பைக்குமேல் பை போட்டுச் சுற்றித்தான் வைத்தேன். அப்படியும் பட்டர், பால், கறிவேப்பிலை ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. போலந்துக் கடையில் வாங்கிய மீன். எங்கள் ஊர்க் கும்பளா மீன் மாதிரி, தலையும் வாலும் பொன்னிறத் தோலுமாகக் கிடக்கிறது. நீங்கள் முதன்முதலில் இதைக் கொண்டுவந்த அன்று, "என்ன கோதாரி நாத்தமக்கா இது?" என்று யன்னலைத் திறந்துவிட்டவள் நான். இப்போது நானே போய் வாங்கி வந்திருக்கிறேன்.

கதவைப் பிடித்தபடி நின்று கொஞ்சநேரம் அழுதேன். பிரிட்ஜ் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியதும் சாத்திவிட்டேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்களே, ஓம், சந்தேகப் புத்திதான். நாங்கள் வேலை செய்த அந்தப் பள்ளிக்கூடச் சமையலறையில் சாமான் பெட்டி வந்து இறங்கினால் மற்றவர்கள் உடைக்கப் போவார்கள். நான் முதலில் திகதியைப் பார்ப்பேன், பிறகு முகர்ந்து பார்ப்பேன், பிறகு கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்ப்பேன். நீங்களோ யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவீர்கள். அப்படியிருந்தும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டோம். வேலையை விட்ட பிறகும் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் நேரே கிங்ஸ்பரிக்கு, எங்கள் வீட்டுக்குத்தான் வருவீர்கள்.

முன்பெல்லாம் வெறுங்கையோடு வந்து என் தேத்தண்ணீரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போகிறவர், திடீரென்று ஒருநாள் பையோடு வந்தீர்கள். உள்ளே ஒரு பால் பெட்டி.

"இதென்னக்கா?"

"மோரடி. போலந்துக்காரற்ற மோர். குடிச்சுப் பார்."

திருப்பிப் பார்த்தேன். எழுத்துகளுக்கெல்லாம் வாலும் கொம்பும். ஒரு சொல் விளங்கவில்லை.

"பண்டிக் கொழுப்பு கிழுப்பு சேர்த்திருப்பாங்கள். எனக்கு வேண்டாம்."

"மோருக்குள்ள பண்டி எப்பிடியடி வரும், விசரி?"

நீங்கள் போன பிறகு கரண்டியால் தொட்டு நக்கிப் பார்த்தேன். பிறகு சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தேன். சத்தியமாக மோர்தான், அசல் மோர். அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. இவ்வளவு நல்ல சாமானை ஒருவர் சும்மா எதற்குக் கொண்டுவந்து தருவார்?

அதன்பிறகு நீங்கள் நிற்கவேயில்லை. போத்தலில் புளித்த வெள்ளரிக்காய் வந்தது. தண்ணீர் கலங்கியிருக்கிறது, பழுதாகிவிட்டது என்றேன். "கலங்கியிருந்தாத்தானடி நல்லது. உப்புத் தண்ணியில தானாப் புளிச்சது. தெளிவாயிருந்தா அது வினாகிரி, அதை வாங்காதை" என்று பாடம் நடத்தினீர்கள். கறுப்பாக, கொஞ்சம் கசப்போடு ஒரு தேன் வந்தது. எந்தப் புளிக்கறி வைத்தாலும் கறைபிடிக்காத எனாமல் சட்டி வந்தது. மாட்டுப் படம் போட்ட தாளில் சுற்றிய ரொபி இனிப்பு வந்தது. வாயில் போட்டால் நாங்கள் வருடப்பிறப்புக்குக் கிண்டுகிற பால் ரொபி, அப்படியே உதிர்ந்து கரைகிறது. யாரோ எங்கட பொம்பிளை ஒருத்தி பின்கதவால் கிண்டிக் கொடுக்க, அவர்கள் தாள் சுற்றி விற்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மீனுக்கும் வழி சொன்னீர்கள்: முள் எடுத்து உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளியோடு பிசைந்து பாண் துண்டுக்கு வை என்று. அந்தச் சம்பலைச் சாப்பிட்ட அன்று எனக்கு நித்திரையே வரவில்லை. அவ்வளவு ருசி, அவ்வளவு சந்தேகம்.

உங்கள் பெறாமகன் அந்தக் கடையில் பங்கு சேர்ந்திருக்கிறான், அதுதான் ஆள் பிடிக்கிறா என்று முதலில் நினைத்தேன். விசாரித்தேன், அவன் கனடாவுக்குப் போய்விட்டானாம். பிறகு, நீங்கள் வேதக்காரர், போலந்துக்காரரும் வேதக்காரர், மோரும் ரொபியும் தந்து என்னை மெல்லக் கோயில் மாற்றப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு முன்னால் கூடுதலாக ஒரு தேங்காய் உடைத்தேன். சிரிக்காதீர்கள்.

மகன் நிரூபன்மட்டும் நீங்கள் கொண்டுவந்த எதையும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறவன், அந்தப் புளித்த வெள்ளரிக்காயை நறுக்கு நறுக்கென்று கடித்தான். எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படாமல் விட்டேன்.

கடைசியாக வந்தது ரவை. பொதியில் இருந்த பெயரைக் 'காஷா' என்று வாசித்துக் காட்டினீர்கள். உப்புமாவுக்குச் சரிவராது, குழைந்துபோகும். ரவை உருண்டைக்கோ சொல்லிச் செய்வித்த மாதிரி. அன்றிலிருந்து உங்கள் வாயில் வேறு கதையில்லை. வந்து செருப்பைக் கழற்ற முதல், "காஷா எப்பிடி? பிடிச்சுக்கொண்டுதோ?" என்று கேட்பீர்கள். ஒரு ரவைக்கு இந்த மனுசி ஏன் இப்படித் துளைக்கிறா என்று எனக்கு மண்டை குழம்பியது.

ஒருநாள் பின்னேரம் நிரூபன் மாடிப்படியில் இருந்து போன் கதைத்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் உங்கள் குரல்.

"அம்மாவுக்குக் காஷாவை மெல்ல மெல்லத்தான் பழக்கவேணும், தம்பி. ஒரேயடியாக் கொண்டுபோய் முன்னால வைச்சியெண்டால் வேண்டாமெண்டிடுவா."

குசினிக்குள் இருந்தபடியே கத்தினேன்: "ரவைக்கு ஏனடா இவ்வளவு கதை? வைச்சிட்டுப் போகச் சொல்லு, நான் வறுத்துக்கொள்ளுறன்!"

போனிலும் படியிலும் சிரிப்பு வெடித்தது. என் சமையலைப் பழிக்கிறார்கள் என்று எண்ணி, அன்று இருவரோடும் நான் பேசவில்லை.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது பாதி மயக்கத்தில் கிடந்தீர்கள். என் கை என்று தெரிந்ததும் இறுக்கிப் பிடித்தீர்கள்.

"காஷாவை வேண்டாமெண்டு மட்டும் சொல்லிப்போடாதையடி. எனக்குச் சத்தியம் பண்ணித் தா."

சாகக் கிடக்கிற நேரத்திலும் ரவையைப்பற்றிக் கதைக்கிறாவே மனுசி என்று என் நெஞ்சு வெடித்துப்போனது. "இல்லையக்கா, சொல்லமாட்டன். என்ர பிள்ளையாணைச் சொல்லமாட்டன்" என்று உங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நீங்கள் ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்னும் நம்பவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு, உங்கள் ஆசைப் பண்டம் என்று காஷாவில் ரவை உருண்டை பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை, உங்கள் மனுசன், ஒன்றைக் கையில் எடுத்தபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அவவுக்கு விருப்பமெண்டு ஆர் பிள்ளை சொன்னது? எங்கட வீட்டில போலந்துச் சாமான் ஒண்டுமே வாங்குறேல்லை. அந்த மீன் வாசம் அவவுக்கு வயித்தைப் பிரட்டும். உங்களுக்கு விருப்பமெண்டெல்லோ வாங்கிக்கொண்டு வாறவ."

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதே யோசனை. தனக்கே பிடிக்காத சாமானை ஒருத்தி வாராவாரம் சுமந்து வந்து என் தலையில் ஏன் கட்டினா? வந்ததும் வராததுமாக நிரூபனைப் பிடித்தேன்.

"டேய், அன்ரி ஏன் என்னட்டைக் காஷாவைத் தள்ளினவ? உண்மையைச் சொல்லு."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "அம்மா... ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"அங்கிள் சொன்னார். அவவுக்குக் காஷாவைக் கண்ணிலையும் காட்டக்கூடாதாம்."

"பொய்! அன்ரிக்குக் காஷா எண்டால் உயிர் அம்மா!"

"ரவையில என்னடா உயிர்?"

படியில் தொப்பென்று இருந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். வைக்கோல் நிறத் தலைமயிரோடு ஒரு பெட்டை. பக்கத்தில் என் பிள்ளை. நடுவில் வாயெல்லாம் பல்லாக நீங்கள்.

"ரவை இல்லையம்மா. இவதான் காஷா."

பெயர் வேறாம், ரவை வேறாம். நாக்கை எங்கேயோ ஒட்டிச் சொல்லவேண்டுமாம். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்காக உங்கள் கோயிலுக்கு வந்து, கடைசி வரிசை வாங்கில் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் பிள்ளை முழந்தாளிட்டதை நீங்கள் கண்டுபிடித்தீர்களாம். கண்டுபிடித்தவர் என்னிடமல்லவா வந்திருக்கவேண்டும்? மோரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரவைப் பொதியைத் தூக்கிக் குப்பைக்குள் எறியப் போனேன். சத்தியம் நினைவுக்கு வந்து கையைப் பிடித்தது. அக்கா, உண்மையைச் சொல்லுங்கள். நான் எந்தக் காஷாவுக்குச் சத்தியம் செய்தேன்? மருந்து மயக்கத்தில் உளறினீர்களா, நான் ரவை என்று நினைப்பேன் என்று தெரிந்துகொண்டே சுத்துமாத்துப் பண்ணினீர்களா? நேரே கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். உங்களைத்தவிர வேறு யாருக்கும் அது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திராது.

பிறகு அவள் வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறான் கள்ளன் என்று நினைத்தேன். போலந்துக்காரர் வீட்டிலும் கழற்றிவிட்டுத்தான் போவார்களாம். பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். நான் பேசும்போதெல்லாம் என் பல்லையே பார்த்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள். பூசை முடிந்ததும் நீங்கள் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், என் நாக்கு எப்படிப்பட்டது என்று விளக்குவீர்களாம். புளிப்பு விருப்பம், எண்ணெய் ஆகாது, வெள்ளிக்கிழமை மரக்கறி. அதைக் கேட்டுச் சாமான் எடுத்துத் தந்தது அவளாம். மோரும் அவள், கலங்கிய வெள்ளரிக்காயும் அவள், மாட்டுப் படம் போட்ட ரொபியும் அவள். ஒரு பிள்ளை பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்ததை இவ்வளவு காலம் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு, அவளை எந்த வாயால் வேண்டாம் என்பது? கெட்டிக்காரி அக்கா நீங்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் கதை முடியவில்லை. காஷாவின் அம்மா நகரத்தின் மறுகோடியில், வால்தம்ஸ்டோவில் இருக்கிறா. அந்த மனுசி ஓம் என்றால்தான் கலியாணம் என்று காஷா ஒற்றைக்காலில் நிற்கிறாள். நிரூபன் போனால் தேத்தண்ணீர் வைத்துக் கொடுப்பாவாம், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாவாம். எங்கிருந்து வந்தவர்களோ, என்ன சாமியைக் கும்பிடச் சொல்வார்களோ, மகளை எங்கே கொண்டுபோவார்களோ என்று பயமாம். எனக்குச் சரியான கோபம் வந்தது. என்ர பிள்ளையைச் சந்தேகப்பட இவ ஆர்? பிறகு யோசித்தேன். அவவின் இடத்தில் நானென்றால் தேத்தண்ணீரும் கொடுத்திருக்கமாட்டேன்.

அதனால் இப்போது கிழமைக்கு ஒரு பை காஷாவிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் முறைதான்: அவர்களிடம் இருப்பது போன்ற சாமான் முதலில், வாய் பழகிய பிறகுதான் எங்கட உறைப்பு. முதலில் நல்ல தேயிலை. அடுத்தது நானே கிண்டிய பால் ரொபி. பிறகு பயத்தம் உருண்டை. கறித்தூளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

போனமுறை பயத்தம் உருண்டைப் பெட்டி கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வந்தது. அம்மாதான் முழுவதையும் சாப்பிட்டா என்றாள் காஷா. எனக்கு நம்பிக்கையில்லை. பயத்தம் உருண்டை என்றால் அவளுக்கு உயிர். டியூப் ரயிலில் இருந்தபடியே முடித்துவிட்டு, என் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்கிறாளோ தெரியாது. நல்ல பிள்ளைகள்தான் இப்படிப் பொய் சொல்லும்.

ஆகவே இந்தமுறை எள்ளுருண்டை மட்டும் வைத்தேன். எள்ளைக் காஷா வாயில் வைக்கமாட்டாள், பல்லிடுக்கில் போய் இருக்குமாம். "தொட்டியோ, கையை முறிப்பன்" என்று நிரூபனுக்கும் சொல்லியாயிற்று. இன்று மத்தியானம் அவள் மீன் சம்பல் சாப்பிட வருகிறாள். பெட்டியும் வரும். உருண்டைகள் அப்படியே கிடந்தால் அழமாட்டேன், அடுத்த கிழமைக்கு வேறு ஏதாவது யோசிப்பேன். வெறுமையாக வந்துவிட்டால்தான், அக்கா, அதை நான் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வேன்?