முடியலன்னா கூப்பிடு

அன்பு மாப்பிள்ளை சேகருக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று சொல்ல முடிகிறது, அதுவே பெரிது.

உன் பஸ் ஆப் நன்றாக ஓடுகிறது. பழைய தோட்டத்துப் பெயரைத் தட்டினால், இன்று அது எந்தத் தாமான் குடியிருப்பு, அங்கிருந்து ஈப்போவுக்கு அடுத்த பஸ் எப்போது என்று இன்னும் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து திருத்தட்டும் என்று அதன் நிரலை இலவசமாகத் திறந்து வைத்துவிட்டுப் போனாய். அப்படி வர நினைத்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதியவர்கள் தங்கள் கணினியில் அதை அமைத்துக்கொள்ள நீ ஒரு குறிப்பு எழுதினாயே, நினைவிருக்கிறதா? மொத்தமே நாலு வரி. அதில் மூன்று உனக்கு மட்டும்தான் புரியும். நாலாவது, 'முடியலன்னா கூப்பிடு லா'. கீழே உன் போன் நம்பர். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துபோய் எடுப்பாய். "ஸ்கிரீன்ல என்னா வந்துச்சு? அப்படியே வாசி" என்பாய். நீ இருந்தவரை யாருக்குக் குறிப்பு வேண்டியிருந்தது?

நீ கண்ணை மூடிய பிறகும் போன் அடித்தது. உன் மாலா அதற்கு டாப்-அப் போட்டு வைத்திருந்தாள். "அவரு இல்லீங்க" என்பாளாம். "சரிக்கா, சாயங்காலம் கூப்பிடுறேன்" என்று ஆயர் தாவாரிலிருந்து ஒரு பெண் வைத்துவிட்டாள். சாயங்காலம் கூப்பிடவும் செய்தாள். இதைக் கேட்டதும் உட்கார்ந்து குறிப்பை விளக்கமாக எழுதினேன், உன் நம்பரை அதிலிருந்து எடுத்துவிட்டேன். தங்கைக்குப் பெரிய நல்லது செய்துவிட்டதாக நினைப்பு.

அடுத்த முறை உங்கள் கோப்பெங் வீட்டுக்குப் போனபோது அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"போன் அடிக்கவே மாட்டேங்குது. நம்பர எடுத்துட்டீங்களாண்ணே?"

"உனக்குத் தொல்லையா இருக்குமேன்னுதான்."

"தொல்லைன்னு நான் சொன்னேனா? அவரக் கேட்டு இன்னும் யாராச்சும் கூப்பிடுறாங்கன்னா அது அந்த போன்லதான்."

பேச்சை மாற்ற உன் மடிக்கணினியை அவள் முன்னால் வைத்தேன். "நான் எழுதுனது புரியுதான்னு பாரு. புதுசா வர்ற ஆளு மாதிரி நீயே செஞ்சு பாரு."

பல் கிளினிக் கவுண்டரில் வேலை செய்கிறவள் கட்டளைகளைத் தட்டும் அந்தக் கறுப்புத் திரையை எங்கே கண்டாள்? முதலிலேயே பாஸ்வேர்ட் கேட்டது. உன் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரிந்திருந்தது; எனக்குச் சொல்லவில்லை. தட்டினாள், நிறுத்தினாள்.

"கீபோர்டு ரோசாக் ஆயிருச்சுண்ணே. ஒரு எழுத்தும் வரல."

சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, தட்டிவிட்டு எண்டர் அழுத்த வேண்டியதுதான் என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? சிரிக்காதீங்க, எழுதி வைங்க."

எழுதினேன். அவள் முட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் ஒரு வரி சேர்ந்தது. 'இது டவுன்லோடு ஆக நேரமாகும், அதுக்குள்ள ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிங்க' என்பது அவளே சொன்னது. பொழுது சாயும் முன் உன் ஆப் திறந்துகொண்டது. நீ பிறந்த தோட்டத்தின் பெயரைத் தட்டினாள். பஸ் நேரம் வந்தது. கொஞ்சம் அழுதாள், நானும்தான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்பரத் திரும்பப் போடுங்க. பேரு மட்டும் என் பேரு. நான் வேலை முடிஞ்சு வந்தப்புறம் கூப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

போன வாரம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அதே ஆயர் தாவார் பெண். எல்லாம் முடித்துவிட்டாளாம், ஒரே ஓர் இடத்தில் நிற்கிறதாம். மாலா சோற்றுக் கையோடு எழுந்துபோனாள்.

"ஸ்கிரீன்ல என்னா வந்துச்சும்மா? அப்படியே வாசிங்க."

எனக்கு மனசு நிறைந்திருந்தது, மாப்ளே. அந்தப் பெண் இப்போது ஆயர் தாவார் பக்கத்து நிறுத்தங்களையெல்லாம் ஆப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி குறிப்பில் எதை மாற்றினாலும் மாலா ஒரு தடவை செய்து பார்க்காமல் வெளியே விடமாட்டேன். உன் போனுக்கு டாப்-அப் போடுவது இனி என் வேலை.

உன் மாலாவுக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
முரளி